யமாஷிதாவைத் தூக்கிலிட்டது எந்தக் குற்றத்துக்காக?

ஜெனரல் யமாஷிதா என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது இரண்டுதான். ஒன்று, சைக்கிளில் வந்து மலாயாவைப் பிடித்த ஜப்பான் படை. இன்னொன்று, பிலிப்பைன்ஸ் மலைகளில் அவர் புதைத்து வைத்ததாகச் சொல்லப்படும் தங்கம். அந்தப் புதையல் கதைக்கு இன்றுவரை உருப்படியான ஆதாரம் கிடையாது. அதை நம்பி மலையைத் தோண்டுகிறவர்களும் ஓய்ந்தபாடில்லை. அதை இங்கேயே விட்டுவிடுவோம். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் தூக்குமேடை ஏறிய விதம்.

சிங்கப்பூர் அவர் பிடியில் இருந்தபோது சீனர்களை ஆயிரக்கணக்கில் கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். அதற்கான உத்தரவு அவருடைய தலைமையகத்திலிருந்து போனது. அதற்காக அவர் எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை. மூன்று ஆண்டு கழித்து மணிலாவில் ஒரு லட்சம் பேர் செத்தார்கள். அந்த நகரத்தைவிட்டு வெளியேறச் சொல்லித் தன் படைக்கு உத்தரவிட்டவர் அவர். பிலிப்பைன்ஸில் நடந்த இப்படிப்பட்ட கொடுமைகளைத் தடுக்கத் தவறியதற்காகத்தான் அவரைத் தூக்கிலிட்டார்கள். கீழே இருப்பவன் செய்த கொலைக்கு மேலே இருப்பவன் எவ்வளவு தூரம் பொறுப்பு என்று இன்று உலகம் கேட்கிற கேள்விக்கு யமாஷிதா வழக்குதான் பிள்ளையார் சுழி. அதனால் அந்த வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

தோமோயுகி யமாஷிதா 1885 நவம்பர் 8 அன்று ஷிகோகு தீவில், மலைக்காட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா ஊர் வைத்தியர். பையன் வாட்டசாட்டமாக இருக்கிறானே, ராணுவத்துக்கு அனுப்பலாம் என்று அப்பாவுக்குத் தோன்றியது. இவன் எங்கே நுழைவுத் தேர்வில் தேறப்போகிறான் என்று நினைத்து அம்மாவும் தடுக்கவில்லை. பின்னாளில் யமாஷிதாவே இப்படிச் சொன்னதாகப் பதிவு உண்டு. பையன் தேறிவிட்டான். 1905-இல் ராணுவப் பள்ளியை முடித்தார். 1916-இல் போர்க் கல்லூரியிலிருந்து முன்வரிசையில் தேறி வெளியே வந்தார். அதே ஆண்டு ஒரு ஜெனரலின் மகளான ஹிசாகோவைக் கல்யாணம் செய்துகொண்டார். குழந்தைகள் இல்லை. முதல் உலகப் போர் முடிந்த கையோடு சுவிட்சர்லாந்துத் தூதரகத்தில் வேலை. பின்னாளில் பிரதமராகி ஜப்பானைப் போருக்குள் இறக்கிய ஹிதேகி தோஜோவும் அப்போது அங்கே அவருடைய சகா. இருவரும் பிற்பாடு எதிரும் புதிருமானார்கள். 1920-களின் கடைசியில் வியன்னாவில் சில ஆண்டுகள்.

அவர் வாழ்க்கை தடம் மாறிய நாள் 1936 பிப்ரவரி 26. அன்று டோக்கியோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. இளம் அதிகாரிகள் சிலர் சுமார் 1,400 சிப்பாய்களைத் திரட்டிக்கொண்டு நகரின் மையப்பகுதியைப் பிடித்தார்கள். நிதியமைச்சர் தகாஹாஷியையும் முன்னாள் பிரதமர் சைதோவையும் வீடு புகுந்து கொன்றார்கள். பேரரசரைச் சுற்றியிருக்கும் ஊழல் பேர்வழிகளை ஒழித்துவிட்டால் நாடு உருப்படும் என்பது அவர்கள் நம்பிக்கை. ராணுவத்துக்குள் இந்தப் போக்கை ஆதரித்தவர்களுக்குக் கோதோ-ஹா அணி என்று பெயர். தோஜோ இருந்தது எதிர் அணியில். அப்போது மேஜர் ஜெனரலாக ராணுவ அமைச்சகத்தில் இருந்த யமாஷிதாவை அந்த இளைஞர்கள் தங்கள் ஆளாகத்தான் பார்த்தார்கள். அவரும் இரு தரப்புக்கும் நடுவே தூது போனார். கலகக்காரர்கள் தற்கொலை செய்துகொள்ளத் தயார், அதைப் பார்க்கப் பேரரசர் ஒரு தூதரை அனுப்பினால் போதும் என்று கடைசியில் ஒரு யோசனையைக் கொண்டுபோனார். பேரரசர் ஹிரோஹிதோவுக்கு வந்ததே கோபம். சாக வேண்டுமானால் சாகட்டும், தூதராவது ஒன்றாவது என்று மறுத்துவிட்டார். கலகம் அடங்கியது. யமாஷிதாவைக் கொரியாவுக்கு மாற்றினார்கள்.

ஜப்பான் ராணுவத்தில் பேரரசரின் மனக்கசப்பைச் சம்பாதித்தவருக்கு மேலே போகும் பாதை அடைபட்ட மாதிரிதான். ஆனாலும் ஆள் திறமைசாலி, ஒதுக்கியே வைத்திருக்க முடியவில்லை. சீனாவில் ஒரு டிவிஷனுக்குத் தலைமை தாங்கினார். 1940 கடைசியில் ஒரு ராணுவக் குழுவோடு ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் அனுப்பினார்கள். ஹிட்லரையும் முசோலினியையும் சந்தித்தார். ஆறு மாதம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து அவர் கொடுத்த அறிக்கையின் சாரம் இதுதான்: நம் டாங்கிகளும் விமானங்களும் பழசு, ராணுவத்தை நவீனமாக்கி முடிக்கும் வரை பிரிட்டனோடும் அமெரிக்காவோடும் போருக்குப் போகக்கூடாது. அறிக்கை அலமாரிக்குள் போனது. 1941 நவம்பரில் அவரையே கூப்பிட்டு, மலாயாவைப் பிடித்துச் சிங்கப்பூரை எடுக்க வேண்டும், 25வது படை உங்களுடையது என்றார்கள். கையில் இருந்தது ஒரு மாதம்.

நான்கு டிவிஷன் தருகிறோம் என்றார்கள். மூன்று போதும் என்றார் யமாஷிதா. இதை வீரப் பேச்சாக எடுத்துக்கொள்ளக்கூடாது. மலாயாவில் தெற்கே போக நல்ல சாலைகள் சிலதான் இருந்தன, ரயில்பாதையும் அப்படித்தான். எத்தனை பேருக்குச் சோறும் குண்டும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

1941 டிசம்பர் 8, நள்ளிரவு தாண்டிய நேரம். கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பான் படகுகள் இறங்கின. பேர்ல் ஹார்பரில் முதல் குண்டு விழ அப்போது இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. தாய்லாந்தின் சிங்கோராவிலும் பட்டானியிலும் பெரும்பகுதிப் படை இறங்கியது. இரண்டு நாளில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்தன. அதன்பின் கடல் ஜப்பானுடையது. வானம் ஏற்கெனவே கைநழுவிக்கொண்டிருந்தது. தரையில் பிரிட்டிஷ் தரப்பிடம் ஒரு டாங்கிகூட இல்லை.

இந்த இடத்தில்தான் சைக்கிள் வருகிறது. டிவிஷனுக்கு ஆயிரக்கணக்கில் சைக்கிள் கொடுத்திருந்தார்கள். போருக்கு முந்தைய ஆண்டுகளில் ஜப்பான் சைக்கிள்கள் மலாயாவில் ஏராளமாக விற்பனையாகியிருந்தன. அதனால் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் உதிரிப் பாகம் கிடைத்தது, உள்ளூர்க்காரர்களிடமிருந்து வண்டியையே பிடுங்கிக்கொள்ளவும் முடிந்தது. வெயிலில் டயர் வெடித்தால் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டினார்கள். இருட்டில், தார்ச்சாலையில், நூற்றுக்கணக்கான இரும்பு ரிம்கள் ஒரே நேரத்தில் கடகடவென்று உருண்டு வரும் சத்தத்தை நினைத்துப் பாருங்கள். டாங்கி வருகிறது என்று பயந்து காவலில் இருந்த படைகள் பின்வாங்கியதாக ஜப்பான் தரப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். பின்வாங்கும்போது பிரிட்டிஷார் பாலங்களைத் தகர்த்துவிட்டுப் போனார்கள். சைக்கிள்காரன் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கி அக்கரை ஏறினான். டாங்கிக்கும் லாரிக்கும் பொறியாளர் படை சுமார் 250 பாலங்களைச் சரிசெய்து கொடுத்தது. பிரிட்டிஷார் விட்டுப்போன அரிசி, பெட்ரோல், லாரிகளை எடுத்துக்கொண்டே முன்னேறினார்கள். அவற்றுக்குச் சர்ச்சில் சப்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சாலையை மறித்து நின்றால் ரப்பர் தோட்டத்துக்குள் புகுந்து பின்னால் வருவது, கடற்கரையை ஒட்டி நின்றால் படகில் போய் முதுகுப்பக்கம் இறங்குவது. இதே உத்தி ஜித்ராவிலிருந்து ஜோகூர் வரை திரும்பத் திரும்பப் பலித்தது. கம்பாரில் மட்டும் நல்ல எதிர்ப்பு. ஜனவரி 7 அதிகாலையில் ஸ்லிம் ரிவரில் டாங்கிகள் சாலையோடு ஒரே ஓட்டமாக உள்ளே பாய்ந்து இரண்டு படையணிகளைச் சின்னாபின்னமாக்கின. 11ஆம் தேதி கோலாலம்பூர். 31ஆம் தேதி கடைசி பிரிட்டிஷ் படை சிங்கப்பூர்த் தீவுக்குள் ஏறிப் பின்னால் இருந்த பாலத்தைத் தகர்த்தது. 55 நாளில் சுமார் 1,100 கிலோமீட்டர்.

ஜோகூர் சுல்தானின் அரண்மனைக் கோபுரத்தில் யமாஷிதா தன் பார்வையிடத்தை அமைத்தார். அங்கிருந்து பார்த்தால் நீரிணை காலடியில். சுல்தான் பிரிட்டிஷாரின் நண்பர், அவர் அரண்மனை மேல் சுடமாட்டார்கள் என்ற அவர் கணிப்பு சரியாகவே இருந்தது. முந்தின நாள் தீவின் வடகிழக்கில் போக்குக் காட்டிவிட்டு, பிப்ரவரி 8 இரவு வடமேற்குச் சதுப்புக் கரையில் படையை இறக்கினார். ஒரு வாரத்தில் புக்கித் தீமா மேடும், நகரத்துக்குத் தண்ணீர் போகும் நீர்த்தேக்கங்களும் அவர் கையில்.

ஆனால் அவர் பக்கம் பீரங்கிக் குண்டு தீர்ந்துகொண்டே வந்தது. சண்டையில் நிறுத்த முடிந்தது சுமார் 30,000 பேர். எதிரில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். பிரிட்டிஷார் தெருத்தெருவாக நின்று இழுத்தடித்தால் தோற்றுப்போயிருப்பேன், சிங்கப்பூர்த் தாக்குதல் ஒரு பாசாங்கு, அது பலித்துவிட்டது என்று பிற்பாடு அவரே சொன்னார். குண்டு குறைகிறது என்று தெரிந்தும் சுடும் வேகத்தைக் குறைக்காதீர்கள் என்றார். குறைத்தால் எதிரிக்குத் தெரிந்துவிடும்.

பிப்ரவரி 15. அன்று சீனப் புத்தாண்டு. புக்கித் தீமா சாலையில் சில மாதங்களுக்கு முன்புதான் திறந்திருந்த ஃபோர்டு கார் தொழிற்சாலை. ஒரு பக்கம் பிரிட்டிஷ் தளபதி, ஒல்லியான பெர்சிவல், எதிரே பருத்த உடலும் மொட்டைத் தலையுமாக யமாஷிதா. பெர்சிவல் கொஞ்சம் அவகாசம் கேட்டார். மொழிபெயர்ப்பு இழுத்துக்கொண்டே போனது. இன்று ராத்திரி தாக்குதல் இருக்கிறது, சரணடைகிறீர்களா இல்லையா, ஆமாம் இல்லை இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று யமாஷிதா மேசையில் அடித்துக் கேட்ட கதை ஜப்பான் முழுக்கப் பரவி அவரை வீரனாக்கியது. மொழிபெயர்ப்பாளர் சுற்றிவளைத்துப் பேசியதால் வந்த எரிச்சல் அது, எதிராளியை மிரட்டும் எண்ணம் எனக்கு இல்லை என்று அவர் பின்னால் சொன்னார். எனக்கு அது பாதிதான் உண்மை என்று தோன்றுகிறது. பெர்சிவல் அன்றிரவு யோசிக்க நேரம் கிடைத்து, எதிரே இருப்பவரின் குண்டுக் கையிருப்பைப் பற்றி யாராவது அவர் காதில் போட்டிருந்தால்? அந்தப் பயம் யமாஷிதாவுக்கு இல்லாமல் இருந்திருக்காது. மாலை 6:10-க்குக் கையெழுத்து. இரவு 8:30-க்குச் சண்டை நின்றது. சிங்கப்பூரில் மட்டும் சுமார் 80,000 பேர் கைதானார்கள். பிரிட்டிஷ் வரலாற்றிலேயே இவ்வளவு பெரிய சரணாகதி இல்லை என்று சர்ச்சில் எழுதினார்.

வெற்றி ஊர்வலம் வேண்டாம், செத்தவர்களுக்கு அஞ்சலி போதும் என்றார் யமாஷிதா. இதைக் குறிப்பிட்டு அவரை உயர்த்திப் பேசுகிறவர்கள் அதே வாரத்தில் நடந்த அடுத்த விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பிப்ரவரி 18 அன்று, நகரத்திலுள்ள ஜப்பான் எதிர்ப்புச் சீனர்களைக் களையெடுக்க வேண்டும் என்று யமாஷிதாவின் உத்தரவு சிங்கப்பூர்க் காவல்படைத் தளபதி கவாமுராவுக்குப் போனது. விவரங்களைப் படைத்தலைமை அதிகாரி சுசுகி சொல்வார் என்றார்கள். திட்டம் போட்ட மூளை மசநோபு சுஜி என்ற லெப்டினன்ட் கர்னல். 18 முதல் 50 வயது வரையுள்ள சீன ஆண்கள் எல்லாரும் குறிப்பிட்ட இடங்களில் கூடவேண்டும் என்று அறிவிப்பு. வெயிலில், சோறு தண்ணீர் இல்லாமல், நாள்கணக்கில் நின்றார்கள். கெம்பெய்தாய் என்ற ராணுவப் போலீஸ் ஆட்களைப் பிரித்தது. சில இடங்களில் முகமூடி போட்ட காட்டிக்கொடுப்பவர் தலையசைத்தால் முடிந்தது கதை. வேறு சில இடங்களில் படித்தவர், ஆசிரியர், கையில் பச்சை குத்தியவர் என்று பார்த்து எடுத்தார்கள். தப்பியவர்களின் கையிலோ சட்டையிலோ சோதிக்கப்பட்டது என்று முத்திரை குத்தினார்கள். அந்த மை அழிந்துவிடக்கூடாதே என்று நாள்கணக்கில் கையைக் கழுவாமல் திரிந்தவர்கள் உண்டு. மற்றவர்களை லாரியில் ஏற்றிச் சாங்கி, பொங்கோல் கடற்கரைகளுக்குக் கொண்டுபோனார்கள். சீனர்கள் இதைச் சூக் சிங் என்கிறார்கள். துடைத்து ஒழிப்பது என்று பொருள்.

எத்தனை பேர்? ஜப்பான் தரப்பு ஒப்புக்கொண்டது 5,000 அளவில். சிங்கப்பூர்ச் சீனர்கள் சொல்வது 50,000 வரை. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே எங்கோ உண்மை இருக்கிறது. கொலையோடும் விடவில்லை. மலாயா, சிங்கப்பூர்ச் சீனர்கள் 5 கோடி டாலர் காணிக்கையாகத் தரவேண்டும் என்று விதித்தார்கள். அவ்வளவு திரட்ட முடியாமல் ஒரு ஜப்பான் வங்கியிலேயே கடன் வாங்கி, ஜூன் மாதம் யமாஷிதாவின் கையில் கொடுத்தார்கள்.

இந்தப் படையெடுப்பு தமிழர்களையும் விடவில்லை. சரணடைந்த மறுநாளுக்கு மறுநாள், சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களை ஃபேரர் பார்க்கில் கூட்டினார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் முதல் விதை அங்கேதான் விழுந்தது. பிற்பாடு நேதாஜி காலத்தில் தோட்டப்புறத் தமிழர்கள் அதில் திரளாகச் சேர்ந்தார்கள். இன்னொரு பக்கம், துரைமார்கள் ஓடிப்போய் ரப்பருக்கு விலையில்லாமல் போன தோட்டங்களில் பட்டினி. சயாம் மரண ரயில்பாதைக்கு மலாயாவிலிருந்து பெருமளவில் ஆள் பிடித்தது 1943-இல், யமாஷிதா அங்கிருந்து போன பிறகு. அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையில் செத்துவிழுந்த தமிழர்களின் கணக்கை அவர் தலையில் எழுத முடியாது. ஜப்பான்காரன் காலம் என்று மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் சொல்கிற அந்த மூன்றரை ஆண்டுக்கு வாசல் திறந்தது அவர் படை. அதைச் சொல்லாமலும் இருக்க முடியாது.

மலாயாப் புலி என்று ஜப்பான் பத்திரிகைகள் கொண்டாடிக்கொண்டிருந்தபோதே, 1942 ஜூலையில் அவரை மஞ்சூரியாவுக்கு மாற்றினார்கள். வழியில் டோக்கியோவில் இறங்கவோ பேரரசரைப் பார்க்கவோ அனுமதி இல்லை. தோஜோவின் பொறாமை என்று பலரும் சொல்கிறார்கள். 1936-இன் பழைய கறையும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் சோவியத் எல்லையில் சும்மா உட்கார்ந்திருந்தார், 1943-இல் முழு ஜெனரலாக உயர்ந்தது தவிர.

1944 ஜூலையில் தோஜோ கவிழ்ந்தார். செப்டம்பரில் யமாஷிதாவுக்கு அழைப்பு வந்தது: பிலிப்பைன்ஸைக் காப்பாற்று. அக்டோபர் 6 அன்று மணிலாவில் இறங்கினார். இரண்டே வாரத்தில், 20ஆம் தேதி, அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் லெய்தே தீவில் இறங்கிவிட்டார். அன்றைக்குத்தான் வந்துசேர்ந்த படைத்தலைமை அதிகாரி அகிரா முதோ செய்தியைக் கேட்டதும், லெய்தே எங்கே இருக்கிறது என்று கேட்டாராம். தலைமையகம் எந்த லட்சணத்தில் தயாராக இருந்தது என்பதற்கு இந்த ஒரு கேள்வி போதும். லெய்தேயில் போரிடுவது வீண், மணிலா இருக்கும் பெரிய தீவான லூசோனில் நிற்கலாம் என்றார் யமாஷிதா. மேலிடம் கேட்கவில்லை, அனுப்பிய படைகள் கடலிலும் கரையிலும் அழிந்தன.

1945 ஜனவரி 9 அன்று அமெரிக்கர்கள் லூசோனில் லிங்காயென் வளைகுடாவில் இறங்கினார்கள். சமவெளியில் அவர்களோடு மோத முடியாது என்று தெரிந்து யமாஷிதா படையை மூன்றாகப் பிரித்து மலைகளுக்குள் கொண்டுபோனார். அவர் வடக்கே பாகியோவில். மணிலாவைத் தற்காக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. பத்து லட்சம் பேருக்குச் சோறு போட முடியாது, வீடுகள் எளிதில் தீப்பிடிக்கும், தட்டையான நிலத்தில் தற்காப்பும் கஷ்டம். பாலங்களையும் கிடங்குகளையும் அழித்துவிட்டு வெளியேறுங்கள் என்பதுதான் உத்தரவு. ஆனால் திறந்த நகரம், அதாவது தற்காக்காமல் விட்டுவிடும் நகரம், என்று அறிவிக்கவில்லை.

உள்ளே ரியர் அட்மிரல் இவபுச்சியின் கடற்படை ஆட்கள் சுமார் 16,000 பேர் இருந்தார்கள். கடற்படைக்கும் தரைப்படைக்கும் ஜப்பானில் என்றைக்கும் ஆகாது. பேருக்குத் தரைப்படைத் தளபதி யோகோயாமாவுக்குக் கீழே, அவர் வழியாக யமாஷிதாவுக்குக் கீழே. நடைமுறையில் இவபுச்சி தன் இஷ்டப்படி நின்றார். பிப்ரவரி 3 முதல் மார்ச் 3 வரை நடந்த சண்டையில் மணிலா தரைமட்டமானது. ஆண்களை சாந்தியாகோ கோட்டைக்குள் அடைத்துக் கொன்றார்கள். பெண்களை பேவியூ ஹோட்டலில் அடைத்து வைத்துக் கெடுத்தார்கள். தெ லா சால் கல்லூரியில் தஞ்சம் புகுந்தவர்களை, பாதிரிமார்களோடு சேர்த்து வெட்டிச் சாய்த்தார்கள். அமெரிக்கப் பீரங்கிக் குண்டுகளுக்குப் பலியானவர்களும் ஏராளம். மொத்தம் ஒரு லட்சம் பொதுமக்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இவபுச்சி அங்கேயே தற்கொலை செய்துகொண்டார்.

மணிலாவில் மட்டும் இவை நடந்திருந்தால் யமாஷிதாவின் பக்கம் பேசுவது சுலபம். தெற்கே பதாங்காஸில் ஊர் ஊராகக் கொன்றது கடற்படை இல்லை, அவருடைய தரைப்படையே. கெரில்லாக்களை ஒடுக்குங்கள் என்று பொதுவாகக் கொடுத்த உத்தரவைக் கீழே இருந்தவர்கள் கிராமத்தையே அழிக்கலாம் என்று படித்துக்கொண்டார்கள். சூக் சிங் உத்தரவும் இதே அச்சுதான். மேலிருந்து ஒரு வரி போகும், விவரம் கீழே முடிவாகும், ரத்தமும் அங்கேதான் சிந்தும். சிங்கப்பூரில் ஒரு முறை இதைப் பார்த்த ஜெனரலுக்கு, அப்படிப்பட்ட ஒரு வரி எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்திருக்க வேண்டும். அவர் மீது எனக்கு இருக்கும் பெரிய குற்றச்சாட்டு இதுதான். விசாரணையில் இதை யாரும் இப்படிக் கேட்கவில்லை, ஏனென்றால் சிங்கப்பூர் அங்கே பேச்சிலேயே இல்லை.

மலைக்குள் பட்டினியோடும் மலேரியாவோடும் எட்டு மாதம் தாக்குப்பிடித்தார். 1945 செப்டம்பர் 2 அன்று கியாங்கானில் இறங்கிவந்து சரணடைந்தார். மறுநாள் பாகியோவில் முறைப்படி கையெழுத்து. மேசைக்கு எதிரே பெர்சிவல் உட்கார்ந்திருந்தார். கைதிக் காலம் முடிந்து விடுதலையான அவரை இதற்கென்றே அழைத்து வந்திருந்தார்கள். ஏன் தற்கொலை செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கு, நான் செத்தால் வேறு யாராவது பழியைச் சுமக்க வேண்டிவரும் என்றாராம் யமாஷிதா.

அக்டோபர் 29 அன்று மணிலாவில் விசாரணை தொடங்கியது. நீதிபதிகளாக ஐந்து ஜெனரல்கள். ஒருவர்கூட வழக்கறிஞர் இல்லை. அவர் கொன்றார் என்றோ, கொல்லச் சொன்னார் என்றோ குற்றச்சாட்டில் இல்லை. தனக்குக் கீழே இருந்தவர்களைக் கட்டுப்படுத்தும் கடமையில் தவறி, கொடுமைகள் நடக்க இடம் கொடுத்தார் என்பதுதான். முதலில் 64 சம்பவங்களைப் பட்டியலிட்டார்கள். விசாரணை தொடங்கும் தறுவாயில் இன்னும் 59-ஐச் சேர்த்து 123 ஆக்கினார்கள். புதியவற்றைப் படித்துப் பார்க்க யமாஷிதாவின் வழக்கறிஞர்கள் அவகாசம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அவர்களும் அமெரிக்க ராணுவ அதிகாரிகள்தான். முன்பின் தெரியாத எதிரி ஜெனரலுக்காக மனம் ஒன்றிப் போராடினார்கள், அதை மதிக்காமல் இருக்க முடியாது. கேள்விப்பட்டதைச் சொல்லும் சாட்சியமும், நேரில் வராதவரின் எழுத்து வாக்குமூலமும் செல்லும் என்றது குழு.

286 சாட்சிகள். உறவினர் கண்ணெதிரே செத்ததைச் சொன்ன தாய்மார்கள், உடம்பில் கத்திக்குத்துத் தழும்போடு வந்த குழந்தைகள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. அந்தத் துயரத்துக்கு ஒரு பதில் வேண்டும் என்ற வேகமும் நியாயமானது. ஆனால் யமாஷிதாவுக்கு இது தெரியுமா என்ற கேள்விக்கு நேரடியான சான்று தேவை. தொடர்பு அறுந்துபோயிருந்தது, எனக்குத் தெரியவில்லை, தெரிந்திருந்தால் தண்டித்திருப்பேன் என்றார் அவர். இவ்வளவு பரவலாக நடந்தது தெரியாமல் இருந்திருக்க முடியாது என்றது அரசுத்தரப்பு. தொடர்பை அறுத்ததே நம் படைதான், அறுத்துவிட்டு உனக்கு ஏன் தெரியவில்லை என்று நாமே கேட்கிறோம் என்று அமெரிக்கர்களான அவருடைய வழக்கறிஞர்கள் வாதித்தார்கள். எனக்கு இன்றைக்கும் பதில் சொல்லச் சிரமமான வாதம் அது.

டிசம்பர் 7 அன்று தீர்ப்பு. பேர்ல் ஹார்பர் தாக்குதலின் நான்காம் ஆண்டு நாள். தூக்கு.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1946 பிப்ரவரி 4 அன்று ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் மனு தள்ளுபடி. குற்றவாளியா இல்லையா என்பதற்குள் நாங்கள் போகவில்லை, ராணுவக் குழுவுக்கு விசாரிக்க அதிகாரம் உண்டா என்று மட்டும் பார்த்தோம் என்றது பெரும்பான்மை. மர்ஃபி, ரட்லெட்ஜ் என்ற இரு நீதிபதிகள் மாறுபட்டார்கள். நாம் ஒருவனுடைய படையைக் குலைத்துவிட்டு, படையைக் கட்டுப்படுத்தவில்லை என்று அவனையே தண்டிப்பது நீதியல்ல, நாளை இதே அளவுகோலை யார் கையில் எடுப்பார்கள் என்று தெரியாது என்றார் மர்ஃபி. எதிரியாக இருந்தாலும் நியாயமான விசாரணைக்கு உரிமை உண்டு என்றார் ரட்லெட்ஜ். அந்த இரண்டு தீர்ப்புகளும் தோற்ற பக்கம் எழுதப்பட்டவை. ஆனாலும் இன்று சட்டம் படிப்பவர்கள் ஊன்றிப் படிப்பது அவற்றைத்தான்.

பிப்ரவரி 23 அதிகாலை, மணிலாவுக்குத் தெற்கே லோஸ் பான்யோஸில் தூக்கிலிட்டார்கள். ராணுவ உடையையும் பதக்கங்களையும் பறித்துவிட்டுத்தான் ஏற்றவேண்டும் என்பது மெக்கார்தரின் உத்தரவு. சரியாக ஒரு வருஷத்துக்கு முன், அதே தேதியில், அதே ஊர்ச் சிறைமுகாமிலிருந்துதான் ஜப்பானியரிடம் சிக்கியிருந்த 2,000-க்கு மேற்பட்டவர்களை அமெரிக்கப் படை மீட்டிருந்தது.

அந்த அளவுகோல் அதற்குப்பின் வளைந்து வளைந்துதான் வந்திருக்கிறது. வியட்நாமின் மை லாய்ப் படுகொலைக்காக 1971-இல், அதைச் செய்த படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் மெடினாவை அமெரிக்க ராணுவ நீதிமன்றம் விசாரித்தபோது, அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தால்தான் குற்றம் என்றார்கள். அவர் விடுதலையானார். யமாஷிதாவுக்கு அந்த விதி இல்லை. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்காக 1998-இல் எழுதிய ரோம் சட்டத்தின் 28வது பிரிவு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: ராணுவத் தளபதிக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது அன்றைய சூழ்நிலையில் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய நிலையில் அவர் இருந்திருக்க வேண்டும், தடுக்கவும் தண்டிக்கவும் தன்னால் முடிந்ததை அவர் செய்யாமலும் இருந்திருக்க வேண்டும். 2009-இன் இறுதிப் போரைப் பற்றி ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் கொடுத்த இலங்கை அறிக்கை தளபதிகளின் பொறுப்பைப் பேசியது. அந்தப் பேச்சின் வேர் மணிலாவின் அந்த விசாரணை அறையில் இருக்கிறது. அதனால்தான் அந்த விசாரணை அவசரப்படாமல் நடந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆதங்கம்.

சிங்கப்பூருக்கு வருவோம். 1947-இல் பிரிட்டிஷார் சூக் சிங் வழக்கை நடத்தினார்கள். ஏழு பேர் கூண்டில். மேலிட உத்தரவு, யமாஷிதாவின் உத்தரவு, மீற முடியவில்லை என்றார்கள். யமாஷிதா செத்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. விவரம் சொன்ன சுசுகி போரிலேயே இறந்துவிட்டார். கவாமுராவுக்கும் கெம்பெய்தாய்த் தலைவர் ஓஇஷிக்கும் தூக்கு, மற்ற ஐவருக்கு ஆயுள். ஐந்தாயிரமோ ஐம்பதாயிரமோ, அத்தனை உயிருக்கு இரண்டு தூக்கு மட்டும்தானா என்று சீனக் குடும்பங்கள் கொதித்தன. திட்டம் போட்ட சுஜி தலைமறைவாக இருந்து, ஆபத்து நீங்கியதும் வெளியே வந்து, 1952-இல் ஜப்பான் நாடாளுமன்றத்துக்கே தேர்தலில் ஜெயித்துப் போனார். 1961-இல் லாவோஸில் காணாமல் போனார்.

1962-இல் சிக்லாப்பில் மண்ணுக்குள்ளிருந்து எலும்புகள் குவியல் குவியலாக வெளிவந்தன. அதன்பின் பல இடங்களில் தோண்டினார்கள். எடுத்த எலும்புகளை 600-க்கு மேற்பட்ட தாழிகளில் இட்டு, பீச் ரோடு பூங்காவில் நான்கு வெள்ளைத் தூண்கள் எழுப்பி, அவற்றின் அடியில் வைத்தார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர், யுரேசியர் என்று சமூகத்துக்கு ஒரு தூண். 1967 பிப்ரவரி 15 அன்று திறந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே தேதியில் அங்கே கூடுகிறார்கள். தாழிகளில் இருப்பவர்களுக்குப் பெயர் இல்லை.